அப்பாவுக்கு ஹீமோகுளோபின் மறுபடியும் 8.9. இரும்பு மாத்திரையோடு விட்டுவிடலாமா?

அமராவதிக்கரை | 12 ஜூன், இரவு 10.40

வணக்கம். நான் கரூர். அப்பாவுக்கு 62 வயது, பஸ் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டு தவறாமல் பழனிக்குப் போவார், 693 படியும் ஏறித்தான் முருகனைப் பார்ப்பார். இந்தத் தைப்பூசத்துக்குப் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. கீழே கூட்டி வந்து விஞ்சில் ஏற்றிப் போனோம். வயதாகிவிட்டது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் இதய மருத்துவரிடம் காட்டினோம். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டிலும் குறை இல்லை. இரத்தத்தில்தான் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. எங்கள் தெரு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் 10.9 வந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார். ஆறு வாரம் கழித்து நேற்று பார்த்தால் 8.9.

இன்னொன்று. வீட்டில் திருநீற்றுச் சம்புடம் அடிக்கடி காலியாகிறது. அப்பா நெற்றியில் பூசுவதைவிட வாயில் போட்டுக்கொள்வதுதான் அதிகம் என்று அம்மா சொல்கிறார். பச்சரிசி டப்பாவிலும் கை போகிறதாம்.

அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாக மூலம் உண்டு. எல்லாம் அதனால்தான் என்கிறார். ஆனால் இரத்தம் போய் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றும் அவரே சொல்கிறார். குடலில் கட்டி இருந்தாலும் இப்படி இரத்தம் குறையும் என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீரைக்கட்டு | 12 ஜூன், இரவு 11.05

பயப்படாதீர்கள் தம்பி. முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள், தினமும் நான்கு பேரீச்சம்பழம், பீட்ரூட் சாறு. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். என் மாமியாருக்கு இதிலேயே 9 இலிருந்து 12 ஆனது.

ஆய்வகத்து ஆள் | 13 ஜூன், காலை 6.20

டீ பற்றிச் சொன்னது சரி. மற்றபடி 62 வயது ஆணுக்கு 8.9 என்பதைக் கீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அம்மா.

தம்பி, ஹீமோகுளோபின் மட்டும் போதாது. அறிக்கையில் எம்.சி.வி. எவ்வளவு, சிவப்பணு எண்ணிக்கை எவ்வளவு, தட்டணு எவ்வளவு? உடம்பின் இரும்புக் கிடங்கைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா? நான் 22 ஆண்டுகளாக இரத்த ஆய்வகத்தில் இருக்கிறேன். மருத்துவன் அல்லன், ஆனால் இந்த எண்கள் பேசும்.

அமராவதிக்கரை | 13 ஜூன், காலை 9.15

எம்.சி.வி. 69. சிவப்பணு 43 லட்சம். தட்டணு 4.7 லட்சம். ஃபெரிட்டின் இதுவரை யாருமே பார்க்கச் சொல்லவில்லை, இன்று காலை நானே கேட்டு இரத்தம் கொடுக்க வைத்தேன். மாலையில் எழுதுகிறேன்.

அமராவதிக்கரை | 13 ஜூன், மாலை 7.30

ஃபெரிட்டின் 6.

ஆய்வகத்து ஆள் | 13 ஜூன், இரவு 9.50

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். சிறுப்பதற்கு நம் ஊரில் இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று இரும்புக் குறைவு, மற்றது பிறவியிலேயே வரும் தலசீமியாக் கூறு. தலசீமியாக் கூறு உள்ளவருக்கு அணு சிறிதாக இருந்தாலும் எண்ணிக்கை தாராளமாக இருக்கும், 55 லட்சம், 60 லட்சம் என்று. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சக் கணக்கில்) வகுத்துப் பார்ப்பது எங்கள் பழைய குறுக்குவழி. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாப் பக்கம் பார்ப்போம். உங்கள் அப்பாவுக்கு 69ஐ 4.3 ஆல் வகுத்தால் 16. ஃபெரிட்டின் 6 வந்த பிறகு குறுக்குவழியே தேவையில்லை. கிடங்கு காலி. திருநீறும் பச்சரிசியும் தின்னத் தோன்றுவது இரும்பு தீர்ந்தவர்களிடம் அடிக்கடி பார்க்கிற ஒன்று. சிலேட்டுக்குச்சி தின்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கிடங்கு ஏன் காலியானது என்பதுதான் கேள்வி. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம். அன்றாடம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, இரத்தம் கசிந்தால் 2.5 மில்லிகிராம் போகிறது. ஓர் ஆண்டில் 900 மில்லிகிராமுக்கு மேல். ஓர் ஆணின் உடம்பில் சேமிப்பாக இருப்பதே அதிகம் போனால் 1 கிராம்தான். அந்த ஒரு தேக்கரண்டி மலத்தோடு கலந்து வெளியேறினால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கணக்குப்பிள்ளை | 14 ஜூன், காலை 8.00

எல்லாரும் சேர்ந்து ஒரு மகனை நடுங்க வைக்கிறீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21 இன்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம். இத்தனை கோடிப் பேருக்கும் குடலில் குழாய் விடப் போகிறீர்களா? கொக்கிப்புழு, காய்கறி இல்லாத சாப்பாடு, மாதவிடாய் என்று ஆயிரம் காரணம் இருக்க, எடுத்த எடுப்பில் புற்றுநோய் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெருங்குடல் புற்றுநோய் நம் நாட்டில் மேலைநாடுகளைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பணி | 14 ஜூன், மாலை 4.45

கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் காட்டும் அட்டவணையில் அவருடைய அப்பா இல்லையே. அது 49 வயதோடு முடிகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் மட்டும் பார்க்கிற கணக்கெடுப்பு அது. இரும்பு குறைவா, பி12 குறைவா, எதனால் குறைவு என்று அது சொல்வதில்லை.

நான் தூத்துக்குடிக்காரி, இங்கிலாந்தில் குடல் இரைப்பைப் பிரிவில் செவிலியர். இங்கே பிரிப்பது இப்படி. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் முதலில் உதிரப்போக்கு, பிரசவங்கள், சாப்பாடு என்று விசாரிப்பார்கள். மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்ணுக்கோ, ஆணுக்கோ குறைந்தால் இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று தேடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு மாதாமாதம் போகிற வழி கிடையாது. அப்படித் தேடப்படுகிறவர்களில் நூற்றில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் பெருங்குடலில் புற்று இருப்பதாக அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலுக்காகத் திரட்டிய ஆய்வுகளில் வந்தது. திருப்பிச் சொன்னால் தொண்ணூற்றொரு பேருக்கு அது இல்லை. வயிற்றுப் புண், வலி மாத்திரையால் வந்த அரிப்பு, இரத்தக்குழாய்க் கோளாறு, சிலருக்கு ஒன்றுமே அகப்படாது. பயப்பட இது போதாது, பார்க்காமல் விட்டுவிட இது மிக அதிகம். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அமராவதிக்கரை தம்பி, அப்பா மூட்டுவலிக்கோ இதயத்துக்கோ மாத்திரை ஏதாவது போடுகிறாரா? எடை குறைந்திருக்கிறதா? மலம் போகும் வழக்கம் மாறியிருக்கிறதா?

அமராவதிக்கரை | 14 ஜூன், இரவு 9.00

வலி மாத்திரை கிடையாது. எடை 3 கிலோ குறைந்திருக்கிறது, வேட்டிதானே என்று யாரும் கவனிக்கவில்லை. மலம் வழக்கம்போல்தான் போகிறதாம். பசி நன்றாக இருக்கிறது. குடலில் ஏதாவது இருந்தால் மலச்சிக்கலோ வயிற்றுவலியோ வர வேண்டாமா?

நெல்லைச்சீமை | 14 ஜூன், இரவு 11.30

வர வேண்டும் என்று நாங்களும் நினைத்தோம்.

என் அம்மாவுக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று எட்டு ஆண்டுகள். 14 மாதம் இரும்பு மாத்திரை. ஏறும், நிறுத்தினால் இறங்கும், மறுபடி எழுதிக் கொடுப்பார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று அம்மா சொன்னபோது மாத்திரையால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அது உண்மையும்கூட, அதனால் அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை. ஒரு டாக்டர் ஆசனவாயில் சிறு கருவி வைத்துப் பார்த்து உள்மூலம் என்றார். இன்னொரு இடத்தில் குழாய் விட்டுப் பார்த்து எல்லாம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நிம்மதியாக வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினோம்.

அது பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கிற சிறிய பரிசோதனை என்பது ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம். அம்மாவுக்குக் கட்டி இருந்தது அந்தக் கோடியில், வலது இடுப்புக்கு மேலே, சிறுகுடல் வந்து சேர்கிற பை போன்ற இடத்தில். சீக்கம் என்கிறார்கள். அங்கே குடல் அகலம், மலமும் கூழாகத்தான் இருக்கும். கட்டி எலுமிச்சம்பழம் அளவு வளர்ந்தாலும் அடைக்காது, வலிக்காது. கசிந்துகொண்டே இருக்கும். இடது பக்கம் வந்தால்தான் சிக்கல், மெலிந்த மலம், கண்ணில் படுகிற இரத்தம் எல்லாம் சீக்கிரம் வரும் என்று அறுவை மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படம் வரைந்த மருந்துச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அம்மா இருக்கிறார். நான்கு ஆண்டுகள் ஆயிற்று. நிணநீர்க் கணுக்களில் மூன்றுக்குப் பரவியிருந்ததால் கீமோ கொடுத்தார்கள். அந்த மருந்தில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரலில் மின்சாரம் அடிப்பது போல் இருக்கும். ஆறு மாதம் வெந்நீரில்தான் பாத்திரம் கழுவினார். கழுவாதே என்றால் கேட்கிற ஆள் இல்லை.

கணக்குப்பிள்ளை | 15 ஜூன், காலை 7.40

நெல்லைச்சீமைக்கு என் வருத்தம். அட்டவணையில் வயதைக் கவனிக்காதது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிற கொலனோஸ்கோபியும் விளையாட்டு இல்லை. குடலில் துளை விழும் ஆபத்து உண்டு. செலவு உண்டு. சிற்றூரில் இருப்பவர் எங்கே போவார்? முதலில் மலத்தைச் சோதித்துப் பார்த்தால் என்ன?

தெம்பனீஸ் வாசி | 15 ஜூன், பிற்பகல் 1.10

இங்கே சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் புற்றுநோய்ச் சங்கம் மலச்சோதனைப் பையை இலவசமாகவே கொடுக்கிறது. வீட்டிலேயே குச்சியால் தொட்டுக் குப்பியில் போட்டு அனுப்ப வேண்டியதுதான். மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கிற சோதனை. முன்பிருந்த பழைய வகை போல் ஆட்டிறைச்சி சாப்பிட்டாயா, முள்ளங்கி சாப்பிட்டாயா என்ற கெடுபிடி இல்லை. இரும்பு மாத்திரையும் அதைக் குழப்பாது.

ஆனால் அது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கான வடிகட்டி. எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது, பலதுறை மருந்தகத்து (பாலிகிளினிக்) மருத்துவர் அப்போதும் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு மேல் பரிசோதனைக்கு அனுப்பினார். எனக்கு இரைப்பையில் புண். மலச்சோதனை பெரும்பாலும் கீழ்க்குடலில் கசிவதைத்தான் பிடிக்குமாம், மேலே கசிவது வழியிலேயே செரித்துவிடும்.

இரவுப்பணி | 15 ஜூன், மாலை 6.30

சரியாகச் சொன்னீர்கள். இங்கிலாந்தில் 2023 முதல் இரும்புக்குறைச் சோகைக்கும் முதலில் இந்தச் சோதனைதான். ஒரு கிராம் மலத்தில் 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஹீமோகுளோபின் இருந்தால் அவசரமாக அனுப்புவார்கள். வரிசையில் யாரை முன்னே விடுவது என்பதற்காகத்தான் அது. குறைவாக வந்தவருக்கும் சோகை அப்படியே இருந்தால் கோப்பை மூடுவதில்லை.

துளை விழும் ஆபத்து, பார்ப்பதற்கு மட்டும் செய்கிற கொலனோஸ்கோபியில் ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். நூற்றில் ஒன்பது பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள் ஐயா. செலவுக்கு, தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குடல் இரைப்பைப் பிரிவில் கேட்கலாம்.

அமராவதிக்கரை | 17 ஜூன், இரவு 10.00

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அங்கெல்லாம் குழாய் விட நான் வர மாட்டேன். எனக்கு மூலம், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா அழுகிறார்.

வடமராட்சி | 18 ஜூன், காலை 5.50

எங்கள் பெரியப்பாவும் இதே மாதிரித்தான். குருதிச்சோகை என்று வைத்தியர் சொல்லியும் ஒரு வருடம் இழுத்தடித்தார். வெட்கம்தான் காரணம், பயம் அல்ல. உள்ளே என்ன நடக்கும் என்று யாராவது ஓர் ஆண் அவரிடம் சொன்னால் பாதி வெட்கம் போய்விடும். என் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

கஷ்டம் எல்லாம் முதல் நாள் இரவுதான். பேதி மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் கால் மணிக்கு ஒரு குவளை குடிக்க வேண்டும். உப்புக் கரித்த எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும். குளிர வைத்துக் குடித்தால் இறங்கும். கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் படுக்க வேண்டும். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருந்தால் குடல் தயார். மறுநாள் ஊசி போட்டதும் கண் சொக்கும். பின்பக்கம் மட்டும் திறந்த காற்சட்டை தருவார்கள், மேலே துணி போர்த்தியிருக்கும். முக்கால் மணிக்குள் முடியும். பிறகு காற்றுப் போகும், அங்கே அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

ஆய்வகத்து ஆள் | 18 ஜூன், காலை 6.35

இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை மறுபடி தொடங்கியிருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மலம் கறுப்பாகக் குடலில் ஒட்டிக்கொண்டு எதையும் பார்க்க விடாது. பரிசோதனை முடிந்து அறிக்கை வாங்கும்போது சீக்கம் வரை போனதாக எழுதியிருக்கிறதா, குடல்வால் வாயின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நெல்லைச்சீமை வீட்டுக்கு வந்த நிம்மதி உங்களுக்கு வர வேண்டாம். இரைப்பையையும் அதே நாளில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை | 21 ஜூன், இரவு 9.20

அப்பா வருகிறார்.

வடமராட்சி அக்காவின் அண்ணன் சொன்னதை வாசித்தேன். காற்சட்டை வந்த இடத்தில் சிரித்துவிட்டார். ஆனால் அவரை அசைத்தது ஆய்வகத்து ஐயாவின் தேக்கரண்டிக் கணக்கு. அப்பாவிடம் அவருடைய பாஷையில் கேட்டேன்: தினமும் தோல்பையில் ஐந்து ரூபாய் குறைகிறது, நீங்களும் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் போட்டு டிப்போவில் கணக்கை நேர் செய்து கட்டுகிறீர்கள், எத்தனை நாள் செய்வீர்கள் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "முதல் நாளே பையைத் திருப்பித் தையலைப் பார்ப்பேன்" என்றார்.

அமராவதிக்கரை | 2 ஜூலை, இரவு 11.50

பார்த்தாயிற்று. இரைப்பையில் ஒன்றும் இல்லை. பெருங்குடலில் இருக்கிறது.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அதுவரை குடல் இளஞ்சிவப்பாக, வழவழவென்று, கோவில் பிரகாரம் போல வளைந்து வளைந்து போனது. கோடியில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் காலிஃபிளவர் போல் முண்டும் முடிச்சுமாக ஒன்று. நான்கு சென்டிமீட்டர் இருக்கும் என்றார். குழாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார். பட்ட இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. ஐந்து மில்லிகூட இருக்காது. மூலமும் இருந்தது, திரும்பி வரும் வழியில் காட்டினார். அது பாட்டுக்கு இருந்தது.

சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பா இன்னும் அரை மயக்கத்தில் இருக்கிறார்.

கீரைக்கட்டு | 3 ஜூலை, காலை 5.30

தம்பி, அப்பாவுக்காக வேண்டிக்கொள்கிறேன். முதல் நாள் நான் எழுதியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இரவுப்பணி | 3 ஜூலை, காலை 11.00

அடுத்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன், இரத்தத்தில் சி.இ.ஏ. என்கிற புற்றுக் குறியீடு பார்ப்பார்கள். அறுவைக்கு முன் இரும்பை இரத்தக்குழாய் வழியாக ஏற்ற முடியுமா என்று கேளுங்கள், மாத்திரைக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. வலது பக்கம் என்பதால் மலம் சேர வயிற்றில் பை வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அப்பா கேட்காவிட்டாலும் இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அமராவதிக்கரை | 19 ஆகஸ்ட், மாலை 5.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். சதைப் பரிசோதனையில் புற்று என்றே வந்தது. ஸ்கேனில் கல்லீரல், நுரையீரல் சுத்தம். இரும்பு 1 கிராம் சொட்டு சொட்டாக ஏற்றினார்கள், கால் மணி நேர வேலை. மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் 10.8. ஜூலை 27 அன்று வலப்பக்கப் பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலை மிச்சத்தோடு இணைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுபடியானது. பை இல்லை. இரவுப்பணி அக்கா சொன்னது சரி, அப்பா அதைத்தான் மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

18 நிணநீர்க் கணுக்கள் பார்த்திருக்கிறார்கள், ஒன்றிலும் பரவவில்லை. இரண்டாம் நிலை. கீமோ வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள், ஓர் ஆண்டில் மறுபடி குடலைப் பார்க்கலாம் என்கிறார்கள். பரம்பரை வகையா என்று பார்க்கும் எம்.எம்.ஆர். சோதனையும் இயல்பாக வந்திருக்கிறது. எனக்கு 34 வயது, நான் எப்போது பார்க்க வேண்டும்?

இரவுப்பணி | 19 ஆகஸ்ட், இரவு 8.40

நல்ல செய்தி. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதில் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். அதற்கு முன் உங்களுக்கே சோகையோ இரத்தப்போக்கோ வந்தால் வயதைப் பார்க்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை | 20 ஆகஸ்ட், காலை 7.25

அப்பா நலமாக இருக்கட்டும். என் முழங்காலுக்கு மூன்று ஆண்டுகளாக வலி மாத்திரை போடுகிறேன். நேற்று போய் இரத்தம் கொடுத்தேன். 11.6. இன்று ஃபெரிட்டினுக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

மாடிவீட்டுத் துளசி | 2 செப்டம்பர், இரவு 10.10

இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். என் அம்மாவுக்கு 52 வயது, ஹீமோகுளோபின் 9.8. போன ஆண்டும் இப்படித்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்தே இரத்தம் குறைவு என்று சொல்லி மாத்திரை மட்டும் கொடுக்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வகத்து ஆள் | 3 செப்டம்பர், காலை 6.15

எம்.சி.வி., சிவப்பணு எண்ணிக்கை, ஃபெரிட்டின் மூன்றையும் எழுதுங்கள் அம்மா. சின்ன வயதிலிருந்தே என்றால் தலசீமியாக் கூறா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். பழைய அறிக்கைகள் இருந்தால் தேதியோடு. மாதவிலக்கு நின்றுவிட்டதா, நின்று எத்தனை நாள்?